50100 மோதுகிறது: பேஜ் எக்ஸ்டென்ஷன் எண்ணை மாற்றினால் போதுமா?

நூல்கண்டு:
வணக்கம். கோவையில் ஒரு சின்ன ஆபீஸில் மைக்ரோசாஃப்ட்டின் வணிகக் கணக்கு மென்பொருளான பிசினஸ் சென்ட்ரலுக்கு, அதன் நிரல்மொழியான ஏஎல்லில் கோட் எழுதுகிறேன். திருப்பூர் பனியன் ஏற்றுமதிக்காரர் ஒருவருக்கு, சேல்ஸ் ஆர்டர் பேஜில் ‘பையர் ஸ்டைல் எண்’ என்று ஒரு ஃபீல்டும் கஸ்டமர் கார்டில் இரண்டும் சேர்த்தோம். சோதனைக்கான சாண்ட்பாக்ஸில் மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. சனிக்கிழமை ராத்திரி, அவர் நிஜமாக வேலை பார்க்கும் புரொடக்‌ஷனில் ஏற்றப் போனால் இன்ஸ்டால் ஆகவில்லை. பேஜில் ஃபீல்டு சேர்க்கும் துண்டான பேஜ் எக்ஸ்டென்ஷனுக்கு நாங்கள் கொடுத்த எண் 50100 வேறொரு எக்ஸ்டென்ஷனில் ஏற்கெனவே இருக்கிறதாம். எங்களுக்கு முன்னால் வேலை பார்த்தவர்கள் போட்டது. சோர்ஸ் எங்களிடம் இல்லை. எங்கள் சாண்ட்பாக்ஸ் புதிதாகத் திறந்தது, புரொடக்‌ஷனின் நகல் இல்லை. அதனால் அங்கே மாட்டவில்லை. எல்லாவற்றையும் 50200க்குத் தள்ளினால் போதுமா? ஃபீல்டு எண்களையும் மாற்ற வேண்டுமா?

பழைய நேவ்காரன்:
தம்பி, கோட் எழுதும் விஎஸ் கோடில் புது ஏஎல் புராஜெக்ட் திறந்தாலே, ஆப் ஜேசன் என்ற அமைப்பு ஃபைலில் எண் வரம்பு 50100 முதல் 50149 வரை என்று அதுவே எழுதிக் கொடுத்துவிடும். கூட வரும் மாதிரி ஃபைலும் கஸ்டமர் லிஸ்டுக்கான பேஜ் எக்ஸ்டென்ஷன் 50100தான். வாடிக்கையாளருக்கென்று 50000 முதல் 99999 வரை காலியாகக் கிடக்க, ஊரே ஒரே திண்ணையில் உட்காருகிறது.

உங்களுடையது இன்னும் புரொடக்‌ஷனில் ஏறவில்லை, தாராளமாக மாற்றுங்கள். டேட்டா சேர்ந்த பிறகு என்றால் ஃபீல்டு எண்ணில் கை வைக்கவே கூடாது என்றிருப்பேன்.

ஆனால் 50200 என்று குத்துமதிப்பாகப் போகாதீர்கள். புரொடக்‌ஷனில் எல்லா ஆப்ஜெக்ட்களையும் பட்டியலிடும் டேபிள் 2000000038ஐத் திறந்து, ஐடி ஃபில்டரில் 50000..99999 போடுங்கள். யார் எந்த எண்ணில் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். ஃபீல்டுகளின் பட்டியலுக்கு டேபிள் 2000000041.

இன்னொன்று. வெறுமனே பேஜில் உள்ள காலத்தை (column) மறைக்கவும் இடம் மாற்றவும் எக்ஸ்டென்ஷன் எழுதியிருந்தால் அதைப் பேஜ் கஸ்டமைசேஷனாக மாற்றிவிடுங்கள். பயனரின் வேலைப் பொறுப்புக்கான புரொஃபைலோடு போய்விடும், அதற்கு எண்ணே கிடையாது. கோட் எழுத முடியாது, அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. பேஜ் எண் மோதினால் இன்ஸ்டாலிலேயே தெரிந்துவிடும். ஃபீல்டு எண் அப்படியில்லை. சேல்ஸ் ஆர்டரை போஸ்ட் செய்யும்போது, அதாவது கணக்கில் பதிந்து பில்லாக்கும்போது, சேல்ஸ் ஹெடர் (டேபிள் 36) ஃபீல்டுகள் போஸ்டட் இன்வாய்ஸ் ஹெடருக்கு (டேபிள் 112) டிரான்ஸ்ஃபர்ஃபீல்ட்ஸ் என்ற ஏஎல் கட்டளை வழியாகப் போகின்றன. அது பெயரைப் பார்க்காது, எண்ணைத்தான் பார்க்கும். உங்கள் ஃபீல்டு 36இல் ஒரு எண், 112இல் வேறு எண் என்றால் இன்வாய்ஸில் காலியாக நிற்கும். அதைவிட மோசம், உங்கள் எண்ணிலேயே 112இல் முந்தையவர்களின் ஃபீல்டு இருப்பது. வேறு வேறு டேபிள் என்பதால் இன்ஸ்டாலில் சத்தமே வராது. டேட்டா டைப் வேறாக இருந்தால் போஸ்டிங்கில் எரர், ஒன்றாக இருந்தால் அவர்கள் ஃபீல்டில் உங்கள் டேட்டா.

நூல்கண்டு:
பார்த்தேன். நினைத்தாலே கை நடுங்குகிறது. எங்கள் ஸ்டைல் எண் 36இல் 50102, டைப் ‘கோட்’ (எழுத்தும் எண்ணும் கொண்டது). அவர்கள் 112இல் அதே 50102இல் ‘கப்பல் புறப்படும் தேதி’ வைத்திருக்கிறார்கள், டைப் டேட். பேஜ் எண் மோதாமல் ஏறியிருந்தால் திங்கட்கிழமை ஒரு பில்கூடப் போஸ்ட் ஆகியிருக்காது. அவர்கள் 50100 முதல் 50131 வரை பிடித்திருக்கிறார்கள். நாங்கள் 50300இல் ஆரம்பித்து 36, 112 இரண்டிலும் 50300 கொடுத்துவிட்டோம். புரொடக்‌ஷனை நகலெடுத்த சாண்ட்பாக்ஸில் ஒரு ஆர்டர் போஸ்ட் செய்து பார்த்தேன், ஸ்டைல் எண் இன்வாய்ஸில் வந்தது. எங்கள் மூன்று பேருக்குள் எண்ணைப் பங்கிட எக்செல் போதுமா அண்ணா?

பழைய நேவ்காரன்:
எக்செல்லை முதல் வாரம் நிரப்புவீர்கள், அப்புறம் மறந்துவிடுவீர்கள். விஎஸ் கோடில் ஏஎல் ஆப்ஜெக்ட் ஐடி நிஞ்சா என்ற துணைக்கருவியைப் போடுங்கள், அடுத்த எண்ணை மூவருக்கும் அதுவே கொடுக்கும். ஆனால் அதற்கு உங்கள் ஆப்கள் மட்டும்தான் தெரியும். முந்தையவர்கள் விட்டுப்போனதற்கு அந்த 2000000038தான்.