புதுப்பிப்பு: மாமா கடை ஸ்டாக் கணக்குக்குப் பைத்தானா, கோ (Go) மொழியா?

போன மாதம் கேட்டிருந்தேன்: மாமாவின் ஹார்டுவேர் கடைக்கு ஸ்டாக் கணக்குப் போடும் சின்ன மென்பொருளை பைத்தான், கோ என்ற இரண்டு நிரல்மொழிகளில் எதில் எழுதலாம் என்று. பெரும்பாலானோர் பைத்தான் என்றீர்கள். சரி என்று ஆரம்பித்தேன். இரண்டே மாலையில் வேலை முடிந்தது.

கடைக்குப் போனால் அங்கே விண்டோஸ் 7! பைத்தான் 3.9 முதல் அதில் ஓடாது. 3.8 பதிப்புக்கு மாற்றி, சொடுக்கினாலே ஓடும் எக்ஸி (.exe) கோப்பாகக் கட்டிக் கொண்டுபோனேன். ஆன்டிவைரஸ் அதை வைரஸ் என்று பிடித்து ஓரங்கட்டிவிட்டது. "என்னடா மாப்ள, கம்ப்யூட்டர்ல என்னத்த ஏத்துன?" என்று மாமா முறைத்தார்.

அப்புறம் கோ மொழிக்கு மாறினேன். அதிலும் 1.20 தான் விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசிப் பதிப்பு, 1.21 எடுத்தால் வேலைக்காகாது. என் லினக்ஸ் லேப்டாப்பிலேயே விண்டோஸுக்கான ஒரே கோப்பாகக் கட்டி, பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். எந்த நிறுவலும் தேவைப்படவில்லை.

மென்பொருள் தரும் பட்டியலை எக்செலில் திறந்தபோது தமிழ்ப் பெயர்கள் கோணல்மாணலாக வந்ததற்கு மொழி காரணமில்லை. அந்தப் பட்டியல் இருக்கும் சிஎஸ்வி (CSV) கோப்பின் தொடக்கத்தில், எழுத்துகள் எந்த முறையில் பதிவாகியுள்ளன என்று எக்செலுக்குச் சொல்லும் யூடிஎஃப்-8 குறி சேர்த்ததும் ஆணி, திருகு எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தன.

மாத விற்பனை அலசலை மட்டும் என் லேப்டாப்பில் பாண்டாஸ் என்ற தரவு அலசல் நூலகத்தை வைத்துப் பைத்தானிலேயே செய்கிறேன். அதைக் கோ மொழியில் எழுதப் பொறுமை இல்லை.