லண்டனில் சும்மா ரயில் சுற்ற ஆசைப்படும் புதியவர்களுக்கு

லண்டனுக்கு வந்து இறங்கியதும் எல்லோரும் கேட்பது வீட்டு வாடகை, வங்கிக் கணக்கு, ஜி.பி. (குடும்ப மருத்துவர்) பதிவு. அதற்கெல்லாம் பதில் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நடுவில் ஒருவர் இருவர் மட்டும் தனியாக வந்து, கொஞ்சம் கூச்சத்தோடு, "அண்ணா, எனக்கு ரயில் பைத்தியம். சும்மா ஏறிச் சுற்றினால் ஏதாவது சொல்வார்களா?" என்று கேட்கிறார்கள். இது அவர்களுக்கு. ஆபீஸ் போக வர மட்டும் ரயில் ஏறுபவர்கள் கட்டணம் பற்றிய பகுதியைப் படித்துவிட்டு நகரலாம்.

சுற்றலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இந்த ஊரில் இது பழைய, மரியாதையான பொழுதுபோக்கு. கிளாப்பம் ஜங்ஷன் பிளாட்பார முனைக்குப் போனால், நோட்டுப் புத்தகத்தில் வண்டி எண் எழுதிக்கொண்டு, ஃபிளாஸ்க்கில் டீயோடு நிற்கும் பெரியவர்களைப் பார்க்கலாம். பேச்சுக் கொடுத்தால் மணிக்கணக்கில் சொல்வார்கள்.

சிக்கல் ஆட்களிடம் இல்லை, கட்டணத்தில் இருக்கிறது. உள்ளே வருகிற ஒவ்வொருவரும் எங்கேயோ போய்ச் சேரத்தான் வருகிறார் என்ற நம்பிக்கையில் இங்குள்ள முறையை அமைத்திருக்கிறார்கள். நமக்குப் போய்ச் சேர வேண்டிய இடம் என்று ஒன்று கிடையாது. காசு கரைவது அங்கேதான்.

உள்ளே போகும்போது கார்டைத் தொட்டு, வெளியே வரும்போது மறுபடி தொட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு பயணத்துக்கு நேர வரம்பு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. எத்தனை கட்டண மண்டலம் கடக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத் தோராயமாக ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் கிடைக்கும். அதைத் தாண்டி உள்ளேயே வண்டி மாறி வண்டி மாறிச் சுற்றினால், முடிக்காத பயணம் என்று கணக்காகி அதிகபட்சக் கட்டணம் பிடிப்பார்கள். அந்தத் தொகை, ஒரு நாளில் இதற்குமேல் பிடிக்க மாட்டோம் என்ற தினசரி உச்சவரம்பில், அதாவது எல்லோரும் 'கேப்' என்கிறோமே, அதில் சேராது. ஏறிய ஸ்டேஷனிலேயே இறங்கி வெளியே வந்தாலும் காசு போகும். கதவு திறக்கிறதே என்று ஏமாற வேண்டாம்.

அதனால் சுற்றலைத் துண்டு துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் போனால் எங்கேயாவது வெளியே வந்து கார்டைத் தொட்டு, டீ குடித்துவிட்டு மறுபடி உள்ளே போங்கள். ஹேமர்ஸ்மித், ஷெப்பர்ட்ஸ் புஷ் மாதிரி ஒரே பெயரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஸ்டேஷன் உள்ள இடங்களில் மட்டும் கவனம். ஒன்றில் வெளியே வந்து சீக்கிரமே மற்றதில் நுழைந்தால், இரண்டையும் ஒரே பயணமாக ஒட்டிவிடும், கடிகாரம் தொடர்ந்து ஓடும். சாதாரணப் பயணிக்கு அது சலுகை, நமக்கு வினை.

துண்டு துண்டாகப் போனால் செலவு ஏறாதா என்றால், கேப்பை எட்டியதும் அன்றைக்கு மீதிச் சுற்றல் முழுக்க இலவசம். கேப் நாள் விடிகாலை 4.30-க்குத் தொடங்கி மறுநாள் 4.30 வரை. வார நாட்களில் காலை 6.30 முதல் 9.30 வரையும் மாலை 4 முதல் 7 வரையும் பீக் கட்டணம். சனி, ஞாயிறு முழு நாளும் ஆஃப் பீக். சுற்றலை வார இறுதியில் வைத்துக்கொள்ள வேறு காரணமே வேண்டாம்.

கார்டு விஷயத்தில் இரண்டு சொல்ல வேண்டும். போனில் உள்ள கார்டும் பர்ஸில் உள்ள அதே பிளாஸ்டிக் கார்டும் இந்த முறைக்கு இரண்டு வேறு ஆட்கள். காலையில் ஒன்று மாலையில் ஒன்று தொட்டால் கேப் எட்டாது. இந்திய வங்கிக் கார்டைத் தொட்டால் வேலை செய்யலாம், ஆனால் அந்நியச் செலாவணிக் கட்டணம் என்று சில்லறை சில்லறையாகப் போகும். இங்கே கணக்குத் திறக்கும்வரை, பணம் போட்டுவைத்துத் தொடும் லண்டன் பயண அட்டையான ஆய்ஸ்டர் கார்டே நல்லது. மாணவர்களுக்கு எப்படியும் ஆய்ஸ்டர்தான் என் சிபாரிசு. 16-25 ரயில்கார்டு என்ற சலுகை அட்டை வாங்கி ஸ்டேஷன் ஊழியரிடம் கொடுத்தால் ஆய்ஸ்டரில் ஏற்றித் தருவார்கள். ஆஃப் பீக் கட்டணத்திலும் ஆஃப் பீக் கேப்பிலும் மூன்றில் ஒரு பங்கு குறையும். 25 வயது தாண்டியிருந்தாலும் முழுநேரப் படிப்பு என்றால் அந்த ரயில்கார்டு கிடைக்கும். வங்கிக் கார்டில் இதை ஏற்ற முடியாது.

ரோஸ் நிற ரீடர் (கார்டு தொடும் கருவி) என்று ஒன்று சில ஸ்டேஷன்களில் தனியாக நிற்கும். காஸ்பெல் ஓக், ஹைபரி அண்ட் இஸ்லிங்டன், கனடா வாட்டர், ஸ்ட்ராட்ஃபோர்ட் போன்ற சந்திப்புகளில் பார்க்கலாம். நகர மையமான முதல் மண்டலத்தைத் தொடாமல் சுற்றுவழியில் வந்தேன் என்று சாட்சி சொல்ல அது. ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க் பக்கம் குடியிருப்பவர்கள் உட்கிரேஞ்ச் பார்க்கில் ஓவர்கிரவுண்ட் (பெரும்பாலும் தரைக்கு மேலே ஓடும் நகர ரயில்) ஏறி, காஸ்பெல் ஓக்கில் மாறி, மேற்கு லண்டனுக்குப் போகும்போது மாறுகிற இடத்தில் அதைத் தொட்டால் கட்டணம் குறையும். மையத்தை விட்டு விலகிச் சுற்றுவதுதான் நம் வேலையே என்பதால் இது நமக்கென்றே வைத்த மாதிரி.

சரி, எங்கே போகலாம்? எல்லா லைனையும் நான் அடுக்கப்போவதில்லை. பிக் பென் அருகே இறங்கி படம் எடுப்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது ஹாரோ அண்ட் வீல்ட்ஸ்டோன். ஹாரோவில் இருக்கும் நம்மவர்கள் தினமும் ஏறி இறங்குகிறார்கள், குனிந்து பார்ப்பதில்லை. அங்கே ஒரே பிளாட்பாரத்துக்கு இரண்டு விதமான வண்டி வரும். குழாய்ச் சுரங்கத்துக்காகச் செய்த குள்ளமான பேக்கர்லூ லைன் வண்டி ஒன்று, முழு உயர ஓவர்கிரவுண்ட் வண்டி இன்னொன்று. இரண்டுக்கும் பொதுவாக நடுத்தரமாக ஒரு உயரத்தில் பிளாட்பாரம் இருப்பதால், பேக்கர்லூவுக்குள் காலைக் கீழே இறக்கி வைக்க வேண்டும், ஓவர்கிரவுண்டுக்குள் ஏறி வைக்க வேண்டும். குயின்ஸ் பார்க்கிலிருந்து இங்கே வரை இதே கதை. பேக்கர்லூவில் ஓடுவது 1972 மாடல் வண்டிகள், டியூப் என்கிற சுரங்க ரயிலிலேயே மிகப் பழையவை. மோட்டார் முனகலும் ஸ்பிரிங் வைத்த மெத்தை இருக்கையும் இனி எத்தனை காலம் கிடைக்குமோ, உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். அதே ஸ்டேஷனின் மறுபக்கம், மணிக்கு 100 மைலுக்கு மேல் வேகத்தில் பென்டலினோ எக்ஸ்பிரஸ்கள் நிற்காமல் பறக்கும். மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள், காற்று தள்ளும். 1952 அக்டோபர் 8 அன்று மூன்று ரயில்கள் மோதி 112 பேர் இறந்தது இங்கேதான். ஸ்டேஷனில் நினைவுப் பலகை இருக்கிறது.

அடுத்தது ஆக்டன் சென்ட்ரல். சாதாரணப் பயணிக்கு அங்கே ஒன்றுமே இல்லை. ரிச்மண்ட் பக்கமிருந்து வரும் மைல்ட்மே லைன் (ஓவர்கிரவுண்டின் ஒரு பிரிவு) வண்டி, தரையோடு ஓடும் மூன்றாவது தண்டவாளத்திலிருந்து 750 வோல்ட் டி.சி. எடுத்துக்கொண்டு வரும். ஸ்டேஷனில் நின்றதும், கூரையில் மடங்கிக் கிடந்த பேன்டோகிராஃப் மெதுவாக எழும்பி மேல் கம்பியைத் தொடும். அங்கிருந்து 25,000 வோல்ட் ஏ.சி. எதிர்த்திசையில் வருகிற வண்டி கையை மடக்கிக்கொண்டு போகும். உள்ளே இருப்பவர்கள் போனிலிருந்து தலையைத் தூக்குவதில்லை. இரண்டு மூன்று வண்டிகள் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.

அந்த மூன்றாவது தண்டவாளத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தென் லண்டன் முழுக்கத் தரையிலேயே மின்சாரம். டியூபில் இன்னும் ஒன்று கூடுதல், மொத்தம் நான்கு தண்டவாளம்: பக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று என இரண்டில் மின்சாரம். நம்மூரில் பாதசாரிப் பாலம் ஏறச் சோம்பல்பட்டுத் தண்டவாளத்தைக் கடக்கிற பழக்கம் இங்கே உயிரை வாங்கும். போன் கீழே விழுந்தால்கூட இறங்காதீர்கள். ஊழியரிடம் சொன்னால் நீளக் கொக்கியால் எடுத்துக் கொடுப்பார்கள்.

டி.எல்.ஆர். (டாக்லேண்ட்ஸ் லைட் ரயில்வே) எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1987-இல் தொடங்கியது, ஓட்டுநர் அறை கிடையாது, முன் வரிசையில் உட்கார்ந்தால் தண்டவாளம் முழுக்க நமக்குத்தான். டவர் கேட்வேயில் ஏறச் சொல்வேன். இன்னொரு தொடக்கமான பேங்க் என்ற ஸ்டேஷன் சுரங்கத்தில் இருப்பதால் தொடக்கத்தில் ஒன்றும் தெரியாது. டவர் கேட்வேயிலோ முதல் நொடியிலிருந்தே உயரத்தில் போகும். கீழே தாங்குவது 1840-இல் பிளாக்வால் ரயில்வேக்காகக் கட்டிய செங்கல் வளைவுகள். சில நேரம் ஊழியர் வந்து முன்னால் மூடியிருக்கும் கட்டுப்பாட்டுப் பலகையைத் திறந்து கையால் ஓட்டுவார். அப்போது அந்த இருக்கையைக் கேட்காமலே விட்டுக் கொடுங்கள். பின்னால் நின்று பார்த்தால் இன்னும் நன்றாகவே தெரியும்.

நீண்ட பயணம் வேண்டுமென்றால் மெட்ரோபாலிட்டன் லைனில் அமர்ஷாம் அல்லது செஷாம். பேக்கர் ஸ்ட்ரீட்டில் தொடங்குங்கள். 1863 ஜனவரி 10 அன்று நீராவி எஞ்சினோடு திறந்த உலகின் முதல் சுரங்க ரயிலின் பிளாட்பாரம் அங்கே இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. 5, 6-ஆம் பிளாட்பாரத்தில் செங்கல் கூரையை நிமிர்ந்து பாருங்கள். ஃபிஞ்ச்லி ரோடு தாண்டியதும் பக்கத்திலேயே ஜூபிலி லைன் வண்டி ஸ்டேஷன் ஸ்டேஷனாக நின்று வரும், நம் வண்டி வெம்ப்ளி பார்க் வரை நிற்காமல் முந்தும். ரிக்மான்ஸ்வொர்த் தாண்டினால் வயலும் காடும். அங்கே 1961 வரை மின்சார எஞ்சினைக் கழற்றி நீராவி எஞ்சின் மாட்டித்தான் மேலே போனார்கள். செஷாமுக்குக் கடைசிக் கிளை ஒற்றைத் தடம், ஒன்பதாம் மண்டலம். கேப் தொகை கூடும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இல்ஃபோர்ட் பக்கம் இருப்பவர்கள் கான்ட்ஸ் ஹில்லை அவசரமாகக் கடக்காமல் ஒரு நாள் நின்று பாருங்கள். கட்டடக் கலைஞர் சார்லஸ் ஹோல்டன், மாஸ்கோ மெட்ரோ சாயலில் இரண்டு பிளாட்பாரத்துக்கும் நடுவே வளைகூரை மண்டபம் அமைத்திருக்கிறார். ஸ்டேஷன் திறந்தது 1947-இல்தான். அதற்கு முன், போர்க்காலத்தில், தண்டவாளம் போடாத இந்தச் சுரங்கத்தில் பிளெஸி நிறுவனம் விமான உதிரி பாகங்கள் செய்தது.

கோயிலுக்குப் போகும் ஞாயிறை வீணாக்க வேண்டாம் என்பவர்களுக்கு: மேனர் பார்க் முருகன் கோயிலும் வெஸ்ட் ஈலிங் கனக துர்க்கை அம்மன் கோயிலும் ஒரே ஊதா நிற எலிசபெத் லைனில் இருக்கின்றன. ஏறும் வண்டியைப் பொறுத்து நடுவில் ஒரு மாற்றம் வரலாம். 2022-இல் திறந்த லைன், வண்டியும் நீளம், ஏ.சி. உண்டு. வீட்டம்மாவும் வருவார்கள், உங்கள் வேலையும் நடக்கும்.

படம் எடுப்பது பற்றி நிறையக் கேட்கிறீர்கள். நம்மூர் ஸ்டேஷனில் கேமராவை வெளியே எடுக்கவே யோசித்துப் பழகிய கை, இங்கும் நடுங்கும். சொந்தத்துக்கு எடுப்பதற்குத் தடையில்லை. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், ஓட்டுநர் கண்ணைக் கூசச் செய்யும். டிரைபாட் வேண்டாம். கூட்ட நேரத்தில் வேண்டாம். பிளாட்பார முனையில் நெடுநேரம் நிற்பதாக இருந்தால், போனதும் ஊழியரிடம் "படம் எடுக்க வந்தேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சந்தேகமாக எதைக் கண்டாலும் சொல்லுங்கள் என்ற பொருளில் "சீ இட், சே இட், சார்ட்டட்" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அறிவிக்கும் ஊரில், யாராவது நம்மைச் சொல்லிவிட்டு, போலீஸ் வந்து கேட்டால் பதறாதீர்கள். எடுத்த படத்தைக் காட்டி வண்டியின் பெயரைச் சொன்னாலே புரிந்துகொள்வார்கள்.

எந்த வண்டி எத்தனை மணிக்கு எந்தப் பிளாட்பாரத்தில் வரும், நிற்காமல் கடக்கும் கூட்ஸ் எப்போது என்பதெல்லாம் ரியல்டைம் டிரெயின்ஸ் தளத்தில் இருக்கும். தண்டவாளம், சைடிங் (வண்டி ஒதுங்கி நிற்கும் தடம்), கிராஸ்ஓவர் (தடம் மாறும் இணைப்பு) வரை பார்க்க கார்ட்டோ மெட்ரோ வரைபடம். இரண்டும் போதும்.

பிள்ளைகள் இருந்தால், 11 வயதுக்குக் கீழே உள்ள நான்கு பேர் வரை பெரியவர் ஒருவரோடு டியூபிலும் டி.எல்.ஆரிலும் இலவசம். பஸ்ஸில் காசு வாங்குவதை 2014-லேயே நிறுத்திவிட்டார்கள், கார்டு மட்டும்தான். ஏறும்போது தொட்டால் போதும், இறங்கும்போது தொட வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் ஒரே கட்டணம். மாடியில் முன் இருக்கையைப் பிடித்துவிட்டால் பிள்ளைகளுக்கு வேறு சுற்றுலாவே தேவையில்லை. கோவென்ட் கார்டனில் உள்ள போக்குவரத்து அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை டிக்கெட் எடுத்தால் ஒரு வருடம் திரும்பத் திரும்பப் போகலாம். 1994-இல் மூடிய ஆல்ட்விச் மாதிரி ஸ்டேஷன்களுக்குள் அருங்காட்சியகத்தாரே அழைத்துப் போகிறார்கள். டிக்கெட் சீக்கிரம் தீரும், விலையும் கொஞ்சம் உறைக்கும்.

கிளம்பும் முன் எந்த லைன் மூடியிருக்கிறது என்று வெள்ளிக்கிழமை இரவே பார்த்துவிடுங்கள். வார இறுதியில்தான் பராமரிப்பு வேலை வைப்பார்கள். வாட்டர்லூ அண்ட் சிட்டி லைன் சனி, ஞாயிறு ஓடவே ஓடாது, அதற்கு ஒரு நாள் லீவு போட வேண்டும். டிசம்பர் 25 அன்று ரயில், டியூப், பஸ் எதுவுமே கிடையாது. அன்றைக்கு நண்பர் வீட்டு விருந்துக்கு ஒப்புக்கொண்டால் முந்தின நாளே போய்த் தங்கிவிடுங்கள்.

உங்கள் வீட்டுப் பக்கத்து ஸ்டேஷன் பெயரைக் கீழே எழுதுங்கள். அங்கிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு, கேப்புக்குள் அடங்குகிற மாதிரி ஒரு சுற்று போட்டுத் தருகிறேன். குராய்டன்காரர்கள் டிராம் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதற்குத் தனியாக எழுதுகிறேன்.