செராமிக் பிரேக் பேட் போட்டதும் தூசி போச்சு, பிடிப்பும் போச்சு

டீசல் பிக்கப், 2016 மாடல். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். செமி மெட்டாலிக் பேட் இருந்தவரை முன் வீல் ரெண்டும் கரி பூசின மாதிரி இருக்கும். கழுவின மறுநாளே தொட்டால் விரல் கருப்பு. ஆனா பிடிப்பைக் குறை சொல்ல முடியாது.

போன மாதம் செராமிக் மாத்தினேன். வீல் பளிச். லோடு ஏத்தி இறக்கத்துல வந்தாத்தான் வம்பு: பெடலை நல்லா மிதிச்சும் வண்டி தள்ளிக்கிட்டே போய்த்தான் நிக்குது. காலி வண்டியில பிரச்சினை இல்ல.

பேட்டை முறையா பழக்கியாச்சு. டாட் 4 பிரேக் ஆயில் மாத்தி ஏர் எடுத்தாச்சு. காலிப்பர் (பேட்டை டிஸ்க்கில் அழுத்துற பாகம்) நகர்ற ஸ்லைடு பின் (pin) இறுக்கமில்லாம நகருது, டிஸ்க்கில் கோடு இல்ல, பெடலும் கெட்டியாத்தான் இருக்கு. பின் டிரம்மை மட்டும் இன்னும் திறக்கல. லோடு சென்சிங் வால்வோட (லோடுக்கு ஏத்த மாதிரி பின் பிரேக் அழுத்தத்தை மாத்துறது) ராடு துருப்பிடிச்சிருக்கு, அதுதான் உறுத்துது.

லோடு ஓட்டுறவங்க சொல்லுங்க: செமி மெட்டாலிக்குக்கே திரும்பணுமா, இல்ல முதல்ல அந்த வால்வையும் பின் டிரம்மையும் பார்க்கணுமா?