டிரையடோமா பூச்சிக் குடலில் கிடைத்த ஒட்டுண்ணி: இனம் காண உதவுங்கள்

ஒட்டுண்ணியியல் தெரிந்தவர்கள் கொஞ்சம் கை கொடுங்கள்.

பெருந்துறைப் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளையில், தேங்காய் மட்டைக் குவியலுக்கு அடியில் எலி வளையை ஒட்டி டிரையடோமா ரூப்ரோஃபேசியாட்டா என்ற, இரத்தம் குடிக்கும் பூச்சிகள் கிடைத்தன. கறுத்த உடல், விளிம்பில் செம்மஞ்சள் கோடு. பூச்சியின் அடையாளத்தில் ஐயமில்லை. ஒன்றின் பின்குடலைப் பிதுக்கி ஜீம்சா சாயமேற்றிப் பார்த்தால், கசையிழையும் அலைச்சவ்வுமாக டிரிப்பனோசோமா என்ற ஒருசெல் ஒட்டுண்ணிகள்!

"சாகஸ் நோய் இங்கேயும் வந்துவிட்டதா?" என்று தோட்டக்காரர் கேட்கிறார். இவ்வகைப் பூச்சிகள் வழியே மனிதருக்குப் பரவும் அந்த நோய் லத்தீன் அமெரிக்காவுக்குரியது. அதற்குக் காரணமான டிரிப்பனோசோமா குரூசியை 1909இல் பிரேசிலில் கார்லோஸ் சாகஸ் விவரித்தார். அதே ஆண்டு சென்னையில் பணியாற்றிய சார்லஸ் டோனோவன் விவரித்ததுதான் இந்தப் பூச்சியில் வாழும் டிரிப்பனோசோமா கோனோரைனி, எலிகளுக்குரியது. என் ஊகமும் அதுவே. ஆனால் ஊகத்தை ஆய்வேட்டில் எழுத முடியாதே. உருவத்தை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லவும் மனம் ஒப்பவில்லை.

இனம் பிரித்தறிய, 18எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. மரபணுவோடு ஜி.ஏ.பி.டி.எச். மரபணுவையும் வரிசைப்படுத்தினால் போதுமா? பூச்சி குடித்த இரத்தம் டி.என்.ஏ.வில் கலந்து, பி.சி.ஆர். (டி.என்.ஏ.வைப் பெருக்கும் வினை) ஓடவே மாட்டேன் என்கிறது. அந்த இரத்தக் கலப்பை எப்படி நீக்குகிறீர்கள்? ஒப்பிட்டுப் பார்க்கக் குரூசியின் டி.என்.ஏ. மட்டும் (உயிருள்ள ஒட்டுண்ணி வேண்டவே வேண்டாம்) தரக்கூடிய ஆய்வகம் கோவையிலோ சென்னையிலோ இருந்தால் சொல்லுங்கள். முறைப்படி கடிதம் எழுதிக் கேட்டுக்கொள்கிறேன்.