தீமையும் தேவ நோக்கமும்: வேதப்பாடத்துக்கு உதவி தேவை

ஸ்தோத்திரம். மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப்புற வாலிபர் கூட்டத்துக்கு ஒரு மணி நேரப் பாடம் தயாராகிறது. ஆதியாகமம் 37-இல் யோசேப்பு தன் அண்ணன்மாரால் 20 வெள்ளிக்காசுக்கு விற்கப்படுவதில் தொடங்கி 50:20-க்குப் போகிறோம். 'நீங்கள் அல்ல, தேவனே என்னை இங்கே அனுப்பினார்' என்று யோசேப்பு சொல்லும் 45:8-ஐ மட்டும் வாசித்தால் அண்ணன்மார் குற்றமற்றவர்கள்போல் தெரியும். 50:20தான் அவர்கள் நினைத்த தீமையையும் தேவன் நினைத்த நன்மையையும் தனித்தனியே காட்டுகிறது. இயேசுவின் சிலுவை மரணத்தைப் பற்றிய அப்போஸ்தலர் 2:23-உம் அப்படியே.

சிக்கல் ஏசாயா 10. ஐந்தாம் வசனத்தில் அசீரியா என்ற பழங்கால வல்லரசு கர்த்தருடைய கோபத்தின் கோல், அதாவது அவர் தண்டிக்கப் பயன்படுத்தும் கருவி. பன்னிரண்டில் அதே அசீரியாவின் பெருமைக்குத் தண்டனை. இதை 15 நிமிடத்தில் எப்படி விளக்குவது? நன்மை வரட்டும் என்று தீமை செய்வதை மறுக்கும் ரோமர் 3:8-ஐ முதலிலேயே வைக்கலாமா?

வீட்டில் அடி வாங்கும் பிள்ளைகளும் வருவார்கள். 'எல்லாம் தேவசித்தம்' என்று அவர்கள் வாயை அடைத்துவிடவே கூடாது. பாடம் நடத்திய அண்ணன், அக்காமார் வழி சொல்லுங்கள்.