அப்பாவுக்கு மெடிக்கல் பாலிசி: ஏஜென்டா, புரோக்கரா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, சர்க்கரை உண்டு. தெரிந்த ஏஜென்ட் ஒருவர் ஒரே கம்பெனி பாலிசியையே திரும்பத் திரும்பக் காட்டுகிறார். புரோக்கரிடம் போனால் கூடுதலாகப் பணம் கேட்பார்களா?

பதில் 1: தனியாக எதுவும் கேட்க மாட்டார்கள், அவர்களுக்குக் கமிஷன் கம்பெனியிலிருந்து வந்துவிடும். ஏஜென்ட் கம்பெனியின் ஆள், மெடிக்கலுக்கு என்று ஒரு கம்பெனியோடுதான் பெரும்பாலும் இருப்பார், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஐஆர்டிஏஐ (இன்சூரன்ஸ் துறையைக் கண்காணிக்கும் அரசு ஆணையம்) உரிமம் பெற்ற புரோக்கர் உங்கள் பக்கத்து ஆள், பல கம்பெனி பாலிசிகளையும் வைத்து ஒப்பிட்டுச் சொல்லலாம். சர்க்கரையை மட்டும் மறைக்காதீர்கள்.

பதில் 2: என் அம்மாவின் கிளெயிமில், ஆஸ்பத்திரி அறைக்குப் பாலிசி வைத்திருந்த வாடகை வரம்பைத் தாண்டிய அறையில் சேர்த்துவிட்டோம், வாடகை மட்டுமில்லை, டாக்டர் ஃபீஸ் உட்பட மற்ற செலவுகளிலும் அதே விகிதத்தில் வெட்டிவிட்டார்கள். விற்ற ஏஜென்ட் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அப்புறம் மாறிய புரோக்கர் முதலில் பேசியதே அதைத்தான்.

பதில் 3: எல்லா புரோக்கரும் உத்தமர் இல்லை சார். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம், அதாவது அந்த நோய்க்குக் கிளெயிம் கிடைக்காத ஆரம்பக் காலம், எவ்வளவு (அதிகபட்சம் 3 வருடம்), கிளெயிம் நேரத்தில் யார் போன் எடுப்பார்கள், இரண்டையும் கேளுங்கள். பாலிசி பிடிக்கவில்லையா, கைக்கு வந்து 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

கேட்டவர்: அறை வாடகை விஷயம் தெரியவே தெரியாது. நாளைக்கே விசாரிக்கிறேன்.