மறு: ‘போஸ்ட்-ஹார்ட்கோர்’ தமிழில்: முடுகிசை சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஃபுகாஸி என்ற அமெரிக்க ராக் குழுவைப் பற்றி விக்கிக் கட்டுரை எழுத உட்கார்ந்து, அவர்கள் வாசிக்கும் ‘போஸ்ட்-ஹார்ட்கோர்’ வகைக்கு (பங்க் ராக்கின் வேகமான வடிவமான ஹார்ட்கோரிலிருந்து கிளைத்தது) தமிழ்ச்சொல் கிடைக்காமல் முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன் என்று போன வாரம் புலம்பியிருந்தேன். பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. ஆனால் வந்த சொற்களில் ஒன்றும் மனதில் ஒட்டவில்லை, ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

> ஹார்ட் = வன், கோர் = கரு. ஆக வன்கரு இசை. அதற்கு அடுத்தது பின்வன்கரு இசை.

ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. இதைப் படித்ததும் எனக்கு மகப்பேறு மருத்துவமனைதான் நினைவுக்கு வந்தது. ஒரு சொல்லை இரண்டாகப் பிளந்து துண்டுக்குத் துண்டு தமிழ் போட்டால் அந்த இசையைக் கேட்டவருக்கே அது என்னவென்று தெரியாது.

> பங்க் என்பதை விட்டுவிட்டு எப்படி? வன்பங்க், பின்வன்பங்க் என்றே வைக்கலாம்.

பங்க் என்றால் நம்மூரில் பெட்ரோல் போடுகிற இடம். தனியாக ‘பங்க் இசை’ என்று எழுதினால் புரிந்துகொள்வார்கள், ஆனால் ‘பின்வன்பங்க்’ என்று எழுதினால் பைபாஸில் இரண்டாவது பங்க்குக்கு வழி சொல்வது போல இருக்கிறது.

சரி, சொல்லை விட்டுவிட்டு இசைக்குப் போவோம். ஃபுகாஸியின் பாடகர் இயன் மக்காய் அதற்கு முன் 1980 முதல் 1983 வரை வாஷிங்டனில் மைனர் த்ரெட் என்ற குழுவில் பாடினார். அதுதான் ஹார்ட்கோர். பங்க்கை எடுத்து இன்னும் விரட்டினார்கள், அவ்வளவுதான். அவர்களுடைய ‘ஸ்ட்ரெய்ட் எட்ஜ்’ பாட்டு ஒரு நிமிடம்கூட ஓடாது, மூச்சுவிடாமல் கத்தி முடித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார்கள். ஆக ஹார்ட்கோரின் அடையாளம் கடினம் என்பதைவிட ஓட்டம், முடுக்கம்.

இங்கேதான் எனக்கு முடுகு நினைவுக்கு வந்தது. காவடிச்சிந்து கேட்டவர்களுக்குத் தெரியும், ஒரு கட்டத்தில் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு ஓடும், அதுதான் முடுகு. திருப்புகழிலும் உண்டு. தொல்காப்பியச் செய்யுளியல் சொல்லும் 20 வண்ணங்களில் (செய்யுளின் ஓசை வகைகள்) முடுகு வண்ணமும் ஒன்று. ஆகவே ஹார்ட்கோருக்கு முடுகிசை என்கிறேன். (முடுக்கு என்றால் சந்து என்று மதுரைக்காரர்கள் சொல்வார்கள், தெரியும். இது முடுகு, க் கிடையாது.) அதே பட்டியலில் வல்லிசை வண்ணமும் இருக்கிறதே, அதை எடுத்தால் என்ன என்று யாராவது கேட்பீர்கள். நல்ல சொல்தான், ஆனால் அதை ஹார்ட் ராக்குக்கு ஒதுக்கி வைக்கலாம். அங்கே வேகத்தைவிட கனம்தான் முக்கியம்.

அப்புறம் ‘போஸ்ட்’. இதில்தான் உண்மையான சிக்கல். பின் என்று போட்டால் ஏதோ ஒன்று முடிந்துபோய் அதற்குப் பிறகு வேறு ஆட்கள் வந்து வேறொன்றைத் தொடங்கினார்கள் என்ற தோற்றம் வருகிறது. நடந்தது அப்படி இல்லை. அதே மக்காய்தான் ஃபுகாஸியிலும் பாடினார். டிரம்ஸ் வாசித்த பிரெண்டன் கான்டியும் பாடகர் கீ பிச்சியோட்டோவும் அதே ஊரில் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் குழுவில் இருந்தவர்கள். பேஸ் கிதாருக்கு ஜோ லாலி. 1987 செப்டம்பரில் வாஷிங்டனிலேயே முதல் கச்சேரி. முடுகிசையை உண்டாக்கிய கைகளே அதன் முடிச்சை அவிழ்த்தன.

எப்படி அவிழ்த்தன என்பதற்கு ‘வெயிட்டிங் ரூம்’ பாட்டின் முதல் அரை நிமிடம் போதும். 1988-இல் வந்த முதல் வெளியீட்டில் முதல் பாட்டு. பேஸ் கிதார் தனியாகத் தொடங்கும், அதில் ஜமைக்காவின் ரெகே இசையின் சாயல் அப்படியே தெரியும். கிதாரும் டிரம்ஸும் வந்து சேரும், சரி இனிமேல் ஓட்டம்தான் என்று நாம் காலைத் தட்டத் தொடங்கும்போது எல்லாம் ஒரே வெட்டாக நின்றுவிடும். ஒரு சத்தம் இருக்காது. முதல்முறை கேட்டபோது ஹெட்போன் வயர் கழன்றுவிட்டது என்று நினைத்துக் கையை வைத்துப் பார்த்தேன். அதற்குள் பேஸ் மறுபடி வந்துவிட்டது.

மேடையிலும் இதே வேலைதான். முடுகிசைக் கச்சேரிகளில் ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளி ஆடுவது வழக்கம், அதில் சின்னப் பையன்களும் பெண்களும் அடிபடுவார்கள். ஃபுகாஸி கச்சேரியில் யாராவது அப்படி முரட்டுத்தனம் செய்தால் மக்காய் பாட்டைப் பாதியில் நிறுத்தி, அந்த ஆளைப் பெயர் சொல்லாத குறையாகக் கண்டித்து, அப்படியும் அடங்காவிட்டால் நுழைவுக் கட்டணம் 5 டாலரை உறையில் போட்டுக் கையில் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார். கட்டணம் பெரும்பாலும் அந்த 5 டாலர்தான், எந்த வயதினரும் வரலாம், குழுவின் பெயர் போட்ட டிஷர்ட் வியாபாரமும் கிடையாது. இசைத்தட்டுகள் எல்லாம் மக்காய் தன் நண்பரோடு 1980-இல் தொடங்கிய டிஸ்கார்ட் நிறுவனத்தில்தான் வந்தன, பெரிய கம்பெனிகள் கூப்பிட்டும் போகவில்லை.

இந்த நிறுத்தி நிறுத்தி வாசிக்கும் பாணிக்கு என்ன சொல் என்று அதே 20 வண்ணங்களைப் புரட்டினேன். அகைப்பு வண்ணம் என்று ஒன்று இருக்கிறது. ‘அறுத்தறுத்து ஒழுகும்’ என்பது அதன் இலக்கணம். படித்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன்! பிச்சியோட்டோவும் கிதார் எடுத்துக்கொண்ட 1990-இன் ‘ரிப்பீட்டர்’ தட்டைக் கேளுங்கள், இரண்டு கிதாரும் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டே போகும். அறுத்தறுத்து ஒழுகும் என்பதைவிட அதற்குப் பொருத்தமான வருணனை எனக்குத் தெரியாது.

உடனே ‘அகைப்பிசை’ என்றே வைத்துவிடலாம் என்று ஒரு நாள் முழுக்க ஆசையாக இருந்தது. பிறகு நானே வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஒன்று, தாய்ச்சொல்லோடு உறவு அறுந்துவிடுகிறது, முடுகிசையிலிருந்து வந்தது என்பது பெயரில் தெரிய வேண்டும். இன்னொன்று, இந்த வகைக்குள் வருகிற எல்லாரும் இப்படி வாசிப்பதில்லை. டெக்சஸின் அட் த டிரைவ்-இன் குழுவுடைய 2000-ஆம் ஆண்டுத் தட்டைக் கேட்டால் நிற்பதைவிடப் பாய்ச்சல்தான் அதிகம். ஃபுகாஸியே கடைசித் தட்டான ‘தி ஆர்க்யுமென்ட்’ (2001) வருவதற்குள் செல்லோ வாத்தியம் வரை போய்விட்டார்கள்.

ஆகவே என் பரிந்துரை: ஹார்ட்கோர் முடுகிசை, போஸ்ட்-ஹார்ட்கோர் பின்முடுகிசை, நிறுத்தி வாசிக்கும் உத்திக்கு மட்டும் அகைப்பு. ‘பின்’ வந்தால் பின்னணி இசை என்று நினைப்பார்களே என்று ஒருவர் கேட்டிருந்தார். பின்நவீனத்துவத்தை யாரும் வீட்டின் கொல்லைப்புறத்தில் தேடவில்லை, இதுவும் பழகிவிடும். மேலே நான் சொன்ன ‘பிறகு வேறு ஆட்கள்’ என்ற தோற்றம் இருக்கத்தான் செய்கிறது, அதைக் கட்டுரையின் இரண்டாவது பத்தியில் சரிசெய்துகொள்கிறேன். ஒரு முன்னொட்டால் எல்லாவற்றையும் சுமக்க முடியாது.

இதிலிருந்து கிளைத்த இமோ என்ற வகைக்கு என்ன சொல் என்று இப்போதே தொடங்கிவிடாதீர்கள். ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்கை அந்தப் பெயரால் அழைத்தால் பிச்சியோட்டோவுக்கே பிடிக்காது.

இன்னும் ஒரு சந்தேகம்தான் மிச்சம். ஃபுகாஸி 2002 நவம்பரில் லண்டனில் கடைசியாக வாசித்தார்கள். அதற்குப் பிறகு கச்சேரி இல்லை, ஆனால் கலைந்துவிட்டோம் என்று இதுவரை அவர்கள் சொல்லவில்லை, காலவரையற்ற இடைவெளி என்பதுதான் கணக்கு. 2011-இல் பழைய கச்சேரிப் பதிவுகளை நூற்றுக்கணக்கில் இணையத்தில் ஏற்றத் தொடங்கியபோதும் அதைப் பற்றிப் பேச்சில்லை. அப்படியானால் முதல் வரியில் ‘குழுவாக இருந்தது’ என்று எழுதுவதா, ‘குழுவாகும்’ என்று எழுதுவதா? ஆங்கிலக் கட்டுரைக்காரர்கள் இங்கே ஏதாவது ஒரு காலத்தைப் பிடித்துத்தான் ஆக வேண்டும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

‘ஃபுகாஸி, அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனைச் சேர்ந்த பின்முடுகிசைக் குழு.’